இரண்டடித் தொட்டியில் ஸ்டெர்பாய் கோரிக் கூட்டம்: கொளத்தூரில் வாங்கிய மீன்களைப் பற்றிய மதிப்புரை

மீன் வளர்க்கத் தொடங்குவோர் பலரும் முதலில் வாங்குவது இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி. அதை விளிம்புவரை நிரப்பினால் ஏறத்தாழ 56 லிட்டர் பிடிக்கும்; மணல், கல், மேலே விடும் இடைவெளி ஆகியவை போக, மீன்கள் வாழக் கிடைப்பது 45 லிட்டர் அளவு நீர்தான். இந்தச் சிறிய இடத்தில் நடுநீரில் நீந்தும் மீன்களைத் தேர்ந்தெடுப்பது எளிது. தரையை ஒட்டி வாழும் மீன் எது என்ற கேள்விக்குத்தான் கடைகளில் பெரும்பாலும் தவறான விடை கிடைக்கிறது. 'தொட்டியைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி விரல் நீளச் சக்கர் மீன் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அது ஓரடிக்கும் மேல் வளரக்கூடிய மீன். வளர்ந்தபின் அதை வைத்துக்கொள்ள இடமில்லாதவர்கள் ஏரியிலும் குளத்திலும் கொண்டுபோய் விட, அது நம் நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கேள்விக்கு என் விடை கோரி மீன். சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் ஒன்றில் வாங்கி, இத்தகைய இரண்டடித் தொட்டியில் ஒரு முழுக் கோடையையும் அதற்கு அடுத்த மழைக்காலத்தையும் கடந்து வளர்த்துவரும் ஸ்டெர்பாய் கோரிகளைப் பற்றியும், அதே வரிசைக் கடைகளில் கிடைக்கும் பிற கோரி வகைகளில் எவை நம் ஊருக்குப் பொருந்தும், எவை பொருந்தா என்பதைப் பற்றியும் இங்கு எழுதுகிறேன்.

கோரிகள் தென் அமெரிக்காவின் ஆறுகளிலும் ஓடைகளிலும் வாழும் சிறு கெளுத்திகள். உடலின் இரு பக்கங்களிலும் செதில்களுக்கு மாறாக இரண்டு வரிசை எலும்புத் தகடுகள் கவசம்போல் அடுக்கப்பட்டிருக்கும். வாயைச் சுற்றியுள்ள குட்டை மீசைகளால் மணலைத் துழாவி, சில சமயம் கண்வரை முகத்தைப் புதைத்து, வாய்க்குள் இழுத்த மணலைச் செவுள் வழியாகத் தூவிவிட்டு உணவை மட்டும் தேர்ந்தெடுத்து உண்ணும். ஸ்டெர்பாய் வகை பிரேசில், பொலிவியா எல்லையில் ஓடும் குவாபொரே ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. 1962-இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. பழுப்புக் கருமையான தலையில் வெண்புள்ளிகளும், உடல் நெடுகப் புள்ளிகள் கோத்த வரிகளும், மார்புத் துடுப்புகளின் முன்விளிம்பில் அடர்ந்த ஆரஞ்சு நிறமும் இதன் அடையாளங்கள். முழுமையாக வளர்ந்தாலும் ஆறு ஏழு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. இது வேறு எந்த மீனின் துடுப்பையும் கடித்ததையோ, உணவுக்காகத் துரத்தியதையோ நான் கண்டதே இல்லை.

இனி வாங்கும் எண்ணிக்கைக்கு வருவோம். கடைகளில் கோரிகளை 'ஜோடி' என்று இரண்டிரண்டாக விற்கிறார்கள். ஏஞ்சல் போன்ற மீன்களுக்குப் பொருந்தும் அந்தப் பழக்கம் கோரிக்குக் கெடுதலானது. இரண்டே கோரிகள் இருக்கும் தொட்டியில் அவை பகல் முழுவதும் ஃபில்ட்டருக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும். ஆறோ எட்டோ ஆனவுடன் அதே மீன்கள் தரை முழுவதையும் தங்களுடையதாக்கிக்கொண்டு வரிசையாக மேயத் தொடங்கும். கோரிகள் ஒன்றையொன்று உடலால் தொட்டு இடித்துத் தங்கள் நகர்வை ஒழுங்குபடுத்திக்கொள்கின்றன என்பதைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெண்கல நிறக் கோரிகளை வைத்து நடத்திய ஆய்வில் விவரித்து 2019-இல் வெளியிட்டார்கள். தொட்டியின் முன் சிறிது நேரம் அமர்ந்தால் அந்தத் தொடுகையை யாரும் பார்க்கலாம்: ஒன்று நகரத் தொடங்குமுன் பக்கத்திலிருப்பதன் விலாவில் மூக்கால் இடிக்கும், பிறகு இரண்டும் சேர்ந்து புறப்படும். இப்படி வாழும் உயிரைத் தனியாகவோ இரண்டாகவோ வைப்பதை நான் கொடுமை என்றே சொல்வேன். ஆறு என்பது குறைந்த அளவு. அந்த ஆறும் ஒரே வகையாக இருக்க வேண்டும். வகைக்கு இரண்டு என்று மூன்று வகைகளைக் கலந்து ஆறாக்கினால் அழகாக இருக்கும் என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு, ஆனால் மீன்கள் பெரும்பாலும் தத்தம் வகையோடு மட்டுமே ஒட்டிக்கொள்வதால் கூட்டம் அமைவதில்லை.

வகையைத் தீர்மானிக்க வேண்டியது நிறமோ விலையோ அன்று, வெப்பம். சென்னையில் சித்திரை, வைகாசி மாதங்களில் குளிர்சாதன வசதி இல்லாத அறையில் தொட்டி நீர் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது இயல்பு. நீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும்: 20 டிகிரி நன்னீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரி நீர் ஏழரை மில்லிகிராம்தான் தாங்கும். அதே வேளையில் சூட்டினால் மீனின் உடல் வேகமாக இயங்கி, அதற்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. இந்த இரண்டு நெருக்கடிகளும் ஒன்றாகச் சேரும் மே மாதத்தில்தான், மார்கழியில் நன்றாக இருந்த கோரிகள் காரணம் தெரியாமல் ஒவ்வொன்றாக இறக்கின்றன. பழி கடைக்காரர் மீதோ மருந்தின் மீதோ விழுகிறது.

ஸ்டெர்பாய் வகையை நான் தேர்ந்தெடுத்ததற்கு இதுவே முதற்காரணம். கோரிகளுள் வெப்பத்தை நன்கு தாங்கும் வகை இது. 28 டிகிரியில் எந்தச் சோர்வும் காட்டாமல் மேய்கிறது, அதனால்தான் வெதுவெதுப்பான நீர் கேட்கும் டிஸ்கஸ் மீன்களோடு உலகெங்கும் இதைச் சேர்த்து வளர்க்கிறார்கள். கோடையின் உச்சத்தில் 30-ஐத் தாண்டிய நாட்களில் என் மீன்களும் மேயும் நேரத்தைக் குறைத்துக்கொண்டு, காற்றுக் குமிழி எழும் மூலையில் கூடி நின்றன. ஏர் பம்பைக் கூட்டிவைத்து, மூடியைத் திறந்து, ஒரு சிறு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசவிட்டதும் நிலைமை சீரானது. நீர் ஆவியாவதால் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி வரை குறையும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் அவ்வளவு குறையாது என்பதையும், ஆவியான நீரை நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

கோரிகள் அவ்வப்போது சரேலென்று மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டுத் தரைக்குத் திரும்புவது நோயன்று. விழுங்கிய காற்றிலிருந்து குடலின் பின்பகுதி வழியாக ஆக்சிஜனை ஈர்த்துக்கொள்ளும் திறன் அவற்றுக்கு உண்டு. எனவே மூடிக்கும் நீருக்கும் இடையே சில விரற்கடை இடைவெளி இருக்க வேண்டும். எல்லா மீன்களும் மாறி மாறி ஓயாமல் மேலே பாய்ந்தால் மட்டும் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று கொள்ளலாம்.

வெண்கல நிறக் கோரியும் அதன் வெள்ளை வடிவமான அல்பினோவும் கடைகளில் எளிதாகக் கிடைப்பவை, விலையிலும் குறைவானவை. உறுதியான மீன்கள், ஸ்டெர்பாய் அளவுக்கு இல்லாவிட்டாலும் சூட்டை ஓரளவு தாங்குபவை. ஸ்டெர்பாய் வாங்க வசதிப்படாதவர்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இந்த வெண்கல நிற வகையைத்தான். ஆனால் அல்பினோ கோரிகளுக்கு இளஞ்சிவப்பும் நீலமும் பச்சையுமாகச் சாயம் ஏற்றி விற்பதும் உண்டு. அந்த நிறம் மீனுக்குப் பிறவியில் வந்ததன்று, சில மாதங்களில் மங்கிவிடும். சாயம் ஏற்றப்படும்போது மீன் படும் துன்பம் சொல்லி மாளாது. அத்தகைய மீன்கள் இருக்கும் கடையில் வேறு எதையும் வாங்காமல் வெளியேறுவதே தக்கது.

பெப்பர் கோரி என்று விற்கப்படும் புள்ளிக் கோரிக்கு நீண்ட வரலாறு உண்டு. பீகிள் கப்பல் பயணத்தில் சார்லஸ் டார்வின் சேகரித்த மீன்களைக் கொண்டு 1842-இல் விவரிக்கப்பட்ட வகை இது. 1878-இலேயே பாரிஸ் நகரில் தொட்டிக்குள் இனப்பெருக்கம் செய்யப்பட்டது. ஆனால் இதன் தாயகம் லா பிளாட்டா ஆற்றுப் படுகையின் குளிர்ந்த நீர். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வசிப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கோரி இல்லை எனலாம். சென்னை, மதுரை, திருச்சி வீடுகளுக்கு இது வேண்டா. பாண்டா கோரியின் கருப்பு வெள்ளை அழகில் மயங்காதவர் குறைவு. பெரு நாட்டு மலையடிவார ஓடைகளிலிருந்து வந்த அதற்கு 22 முதல் 25 டிகிரி வரையிலான நீரே உகந்தது என்பதால், சமவெளியில் குளிரூட்டும் கருவி இல்லாமல் அதை வளர்க்க முயல வேண்டா என்பது என் உறுதியான கருத்து.

பிக்மி கோரி இரண்டரை சென்டிமீட்டர் அளவே வளரும். மற்ற கோரிகளைப்போல் தரையிலேயே கிடக்காமல் பாதி நேரம் நடுநீரில் கூட்டமாக மிதக்கும். ஒன்றரையடித் தொட்டி வைத்திருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டாக வாங்கினால் மிக அழகாக இருக்கும், ஆனால் அதுவும் மிதமான வெப்பத்தையே விரும்புகிறது. கொளத்தூரில் இது எப்போதும் கிடைப்பதில்லை. கிடைத்தபோதும் பயணக் களைப்பில் மெலிந்தவையாகவே நான் பெரும்பாலும் கண்டிருக்கிறேன்.

பெயரைப் பற்றி ஒரு குறிப்பு. கோரிடோரஸ் என்ற ஒரே பேரினத்தில் இருந்த இந்த மீன்களை 2024-இல் வெளிவந்த ஆய்வு பல பேரினங்களாகப் பிரித்துவிட்டது. ஸ்டெர்பாயும் பாண்டாவும் இப்போது ஹோப்லிசோமா, பிக்மி காஸ்ட்ரோடெர்மஸ், வெண்கல நிறக் கோரி ஆஸ்டியோகாஸ்டர். கடைகளில் பழைய பெயரே வழங்குகிறது, அது தவறும் அன்று. தகவல் தேடும்போது இரண்டு பெயர்களிலும் தேடுவது நல்லது.

நான் வாங்கிய கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொளத்தூரில் அடுத்தடுத்து இருக்கும் வண்ணமீன் கடைகளில் கோரிகள் பெரும்பாலும் வெறும் கண்ணாடித் தரையிலோ கூர்மையான வண்ணக் கற்களின் மேலோதான் வைக்கப்பட்டிருக்கின்றன. பல கடைகளில் மீசை தேய்ந்து கட்டையாகிப்போன மீன்களையே பார்த்தேன். இந்தக் கடையில் மட்டும் கோரித் தொட்டியில் மெல்லிய மணல் பரப்பியிருந்தார்கள். மீன்களின் மீசைகள் முழுமையாக இருந்தன, வயிறு ஒட்டிப்போகாமல் உருண்டிருந்தது, அடிவயிற்றில் சிவப்புத் திட்டுகள் இல்லை. உணவு போட்டுக் காட்டச் சொன்னபோது முகம் சுளிக்காமல் போட்டுக் காட்டினார்கள். தொட்டி வைத்து எவ்வளவு காலம் ஆகிறது என்று விற்பவரே கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. மீன்களை வலையில் அள்ளாமல் சிறு பிளாஸ்டிக் குவளையால் கோலி எடுத்தார். கோரிகளின் முதுகுத் துடுப்பிலும் மார்புத் துடுப்புகளிலும் உள்ள முள் வலையில் சிக்கினால் மீனைக் காயப்படுத்தாமல் விடுவிப்பது கடினம். கெளுத்தி முள் கையில் ஏறியவர்களுக்கு அதன் வலியை விளக்க வேண்டியதில்லை. அந்த முட்கள் பையையும் துளைத்துவிடும் என்பதால் இரட்டைப் பையில் கட்டிக் கொடுத்தார். குறை என்று சொல்வதானால் ஒன்று உண்டு: வழியில் மீனுக்கு நோய் வராமலிருக்க என்று கல் உப்பும் ஒரு நீல மருந்தும் சேர்த்துக் கொடுக்க முன்வந்தார். கோரிகள் உப்பை அதிகம் தாங்காதவை. மருந்துகளையும் முழு அளவில் தாங்காதவை. மறுத்ததும் வற்புறுத்தாமல் விட்டுவிட்டார்.

மணலைப் பற்றி அந்தக் கடையில் கேட்டால் பொட்டலத்தில் அடைத்த விலையுயர்ந்த மணலைக் காட்டுவார்கள். தேவையில்லை. நன்றாகச் சலித்த ஆற்று மணலைக் கலங்கல் நீங்கும்வரை திரும்பத் திரும்பக் கழுவினால் போதும். சலித்த மணலில் சிறிது எடுத்து அதன்மேல் வினிகர் விட்டுப் பார்க்க வேண்டும்; நுரைத்தால் கிளிஞ்சல் தூளும் சுண்ணாம்பும் கலந்திருக்கிறது, அது நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் பரப்பினால் அடியில் காற்றுப் புகாமல் மணல் கறுத்து அழுகும். மீசை தேய்வதற்குக் கூர்மையான கற்களைப் போலவே அழுக்குப் படிந்த தரையில் பெருகும் நுண்ணுயிரிகளும் காரணமாகின்றன. ஆகவே மணல் போட்டுவிட்டோம் என்று துப்புரவை விட்டுவிடக் கூடாது.

புதிதாக நிரப்பிய தொட்டியில் கோரிகளை விடவே கூடாது. மீன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு அதைவிடத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் ஸ்பான்ஜ் ஃபில்ட்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். அதுவரை காத்திருந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்று சோதனைக் கரைசல் காட்டிய பிறகே மீன் வாங்கப் போக வேண்டும். குழாய் நீரில் குளோரின் நீக்கி சேர்ப்பது கட்டாயம். ஆழ்துளைக் கிணற்று நீர் மிகவும் கடினமாக உள்ள பகுதிகளில் ஆர்ஓ நீரைப் பாதிக்குப் பாதி கலந்து பயன்படுத்தலாம். வெறும் ஆர்ஓ நீரில் தாது உப்புகள் மிகக் குறைவாக இருப்பதால் அதை மட்டும் ஊற்றக் கூடாது. கடையில் கிடைக்கும் ஸ்டெர்பாய்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை என்பதால் ஓரளவு கடினமான நீருக்கும் பழகிக்கொள்கின்றன. வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றுகிறேன்.

எஞ்சிய உணவைத் தின்று பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கோரிகளைப் பட்டினி போடுவோர் பலர். மற்ற மீன்கள் தின்று முடித்து மிஞ்சுவதில் ஆறு மீன்களுக்கு ஒருபோதும் வயிறு நிறையாது. அவை பாசியையும் கழிவையும் உண்பவை அல்ல. புழு, பூச்சி, இளம் ஓட்டுயிரிகள் ஆகியவற்றை உண்பவை. மாலையில் விளக்கை அணைத்தபின் மூழ்கும் சிறு உருண்டை உணவை அவற்றுக்கென்றே தனியாகப் போட வேண்டும். வாரம் ஓரிரு முறை உறைந்த ரத்தப்புழு கொடுக்கலாம். கடைகளில் உயிருடன் விற்கும் டியூபிஃபெக்ஸ் புழுவைக் கோரிகள் ஆவலோடு உண்ணும், ஆனால் அது சாக்கடைச் சேற்றில் எடுக்கப்படுவது என்பதால் நான் வாங்குவதில்லை.

இந்தத் தொட்டியில் ஆறு ஸ்டெர்பாய்களோடு மேல்நீருக்கு ஒரு சிறு ஹார்லிக்வின் ரஸ்போராக் கூட்டம் இருக்கிறது, அதற்குமேல் இடமில்லை. கப்பி வளர்ப்பவர்கள் ஆண் மீன்களை மட்டும் சேர்க்கலாம். டைகர் பார்ப், கோல்ட் ஃபிஷ், வளர்ந்த ஏஞ்சல் ஆகியவற்றை இந்த அளவுத் தொட்டியில் கோரிகளோடு வைக்கக் கூடாது. ஐப்பசி மழையில் நீர் சற்றுக் குளிர்ந்த ஒரு நாள், நீர் மாற்றிய மறுகாலையில் கண்ணாடியின் மூலையில் பசைபோல் ஒட்டிய முட்டைகளைக் கண்டேன். தாயகத்தில் மழைக்காலத்தின் தொடக்கமே இவற்றின் இனப்பெருக்கக் காலம் என்பதால், குளிர்ந்த புதுநீர் அவற்றைத் தூண்டுகிறது. முட்டைகளைக் காக்க வேண்டுமென்றால் அன்றைக்கே வேறு சிறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். பெற்ற மீன்களே அவற்றைத் தின்றுவிடும்.

சென்னை அளவுக்கோ அதைவிடக் கூடுதலாகவோ வெயில் காயும் ஊரில், மின்விசிறி வைக்கவும் வழியில்லாத வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு ஸ்டெர்பாயையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அவர்கள் நம் அயிரையைப் பார்க்கலாம். தமிழகத்து ஆறுகளிலும் கண்மாய்களிலும் வாழும் அயிரை நம் வெயிலுக்குப் பழகியது, விரலளவே வளர்வது, கோரியைப் போலவே கூட்டமாக மணலைச் சலித்து மேய்வது, பிற மீன்களைத் தொந்தரவு செய்யாதது. மதுரைப் பக்கத்துச் சந்தைகளில் குழம்புக்காக உயிருடன் விற்கும் அயிரையிலிருந்தே துடிப்பானவற்றை ஆறேழு தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். இயற்கை நீரிலிருந்து வருபவை ஒட்டுண்ணிகளைச் சுமந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றைச் சில வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துக் கவனித்த பிறகே மற்ற மீன்களோடு சேர்க்க வேண்டும். மணலுக்குள் புதைந்து கொள்ளும் பழக்கம் உள்ளதால் கோரிக்குச் சொன்ன அதே மெல்லிய மணல் இதற்கும் வேண்டும். துள்ளி வெளியே விழக்கூடிய மீன் ஆகையால், மூடியில் குழாய்க்காக விட்ட துளையைக்கூடப் பஞ்சு வைத்து அடைத்துவிட வேண்டும்.